ராஜகுரு வேஷம் வாடகைக்குக் கிடைக்கும் கடை

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு டிரஸ் வாடகைக்கு எடுப்பது என்றால் சேலத்தில் எல்லாருக்கும் ஒரே பழக்கம்தான். ஃபேன்சி டிரஸ் கடைக்குப் போவோம், பாரதியார், ஜான்சி ராணி, விவேகானந்தர், தக்காளி, கத்தரிக்காய் என்று வரிசையாகத் தொங்கும், வயசைச் சொன்னால் பையில் போட்டுக் கொடுப்பார்கள், மறுநாள் திருப்பிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது. என் மகள் யு.கே.ஜி. படித்த காலத்திலிருந்து நானும் அப்படித்தான் எடுத்து வந்தேன். இந்த வருஷம் அவள் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குக் கிடைத்த வேஷம் பழைய படங்களின் வில்லன் நடிகர் எம்.என்.நம்பியார்.

விழாவின் தலைப்பு சேலமும் சினிமாவும். அதில் இருபது நிமிஷம் நம்பியார் வாழ்க்கை. நாடகக் கம்பெனியில் சேரும் பையன், மந்திரி குமாரி படத்தின் ராஜகுரு, திகம்பர சாமியார் படத்தில் போட்ட மாறுவேஷங்களில் நாதஸ்வர வித்வானும் தபால்காரரும், கடைசியில் சபரிமலைக்கு இருமுடி கட்டும் குருசாமி. ஐந்து உருவம், ஒரே பெண். மேடைக்குப் பின்னால் மாற்றிக்கொள்ள ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் கிடையாது.

கண்ணூர்ப் பக்கம் பிறந்தவருக்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என் அலுவலகத்திலேயே இரண்டு பேர் கேட்டார்கள். ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறதே, தினமும் அதைத் தாண்டித்தானே வேலைக்கு வருகிறார்கள்! டி.ஆர்.சுந்தரம் 1930-களில் கட்டிய அந்த ஸ்டுடியோவில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள். நம்பியார் என்ற நடிகர் முழு உருவம் எடுத்தது அங்கேதான் என்பது என் கருத்து. 1950 என்ற அந்த ஒரே வருஷத்தில் மந்திரி குமாரியும் திகம்பர சாமியாரும் வந்தன, அடுத்த வருஷம் சர்வாதிகாரி. எம்.ஜி.ஆர் கையால் அடி வாங்கியவர் என்று மட்டும் அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

சரி, கடைக்கு வருகிறேன். முதலில் போன இரண்டு ஃபேன்சி டிரஸ் கடையிலும் நம்பியார் என்றதும் கறுப்புக் கோட்டும் கூலிங் கிளாஸும் ஒட்டு மீசையும் எடுத்து வைத்தார்கள். ராஜகுரு என்றேன், சாமியார் செட் இருக்கிறது என்று ஒரு ஆரஞ்சு நைலான் துணியைக் காட்டினார்கள். தெருக்கூத்துப் பார்க்க ஊர் ஊராகப் போகும் நண்பர் ஒருவர்தான், குகைக்குப் போங்க, வண்டி வேடிக்கைக்கு டிரஸ் கொடுக்கிறவங்ககிட்ட கேளுங்க என்றார். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வரி: குகை என்பது சேலத்தில் ஒரு பகுதி, ஆடித் திருவிழாவில் அங்கே நடக்கும் வண்டி வேடிக்கையில் ஆட்கள் சாமி வேஷமும் புராண வேஷமும் போட்டு அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலமாக வருவார்கள். மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும், வேர்வையில் அரிதாரம் வழியக்கூடாது, கிரீடம் சாயக்கூடாது. அந்த வேலையில் பழகிய கைக்கும் ஃபேன்சி டிரஸ் கடைக்கும் உள்ள வித்தியாசம் உள்ளே போன பத்தாவது நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

கடையின் பெயரைப் போடவில்லை. பெரியவரே வேண்டாம் என்றார், ஆடியில் வருகிற கூட்டத்துக்கே ஆள் போதவில்லையாம். கடை என்றும் சொல்ல முடியாது, வீட்டின் முன்கட்டு. இரண்டு பக்கமும் தகரப் பெட்டிகள், மேலே பரணில் செய்தித்தாளில் சுற்றிய கிரீடங்கள், சுவரில் ஆணி ஆணியாக டோப்பா, கதாயுதம், வில், சூலம். ரசகற்பூர வாசனை மூக்கைத் துளைக்கும். பெரியவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்த குடும்பமா என்று ஆசையாகக் கேட்டேன். இல்லைம்மா, நாங்க கூத்துக்காரங்க, நம்பியாரை நானும் தரை டிக்கெட்ல உக்காந்து பாத்தவன்தான் என்றார்.

துணி எதையும் எடுக்காமல் முதலில் மகளைக் கூப்பிட்டு, "பாப்பா, அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வா" என்றார். நடந்தாள். "இப்ப ராஜகுருவா நட." வில்லன் என்றால் அவள் மனசில் என்ன இருந்ததோ, கூனிக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு நடந்தாள். எல்லாரும் மிமிக்ரியில் செய்கிற நம்பியார் அதுதானே. பெரியவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "கையப் பிசையறது அப்புறம். ராஜாவே இவர் கால்ல விழறாரு. அப்படிப்பட்ட ஆளு எதுக்குக் கூனணும்? முதுகு நேரா இருக்கட்டும், கண்ணு மட்டும் போகட்டும்" என்றார். மறுபடி நடந்தாள். மூன்றாவது தடவை நடந்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. டிரஸ் இன்னும் போடவே இல்லை.

மந்திரி குமாரி படத்தின் ஸ்டில் ஒன்றை போனில் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றேன். அவர் போனை வாங்கி முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தார். துணியைப் பார்க்காதீங்க, இதைப் பாருங்க என்று கண்ணைக் காட்டினார். அப்போது நம்பியாருக்கு வயது 31. 1919 மார்ச்சில் பிறந்தவர், படம் வந்தது 1950-இல். அந்தப் படத்தில் வளர்ந்து ஆளாகிக் கொள்ளையடிக்கப் போகும் மகனுக்கு அப்பா அவர், மகனாக நடித்தவர் எஸ்.ஏ.நடராஜன். 31 வயசில் கதாநாயகனாக வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் நடுவில் ஒருவர் அப்பா வேஷத்தை எடுத்துக்கொண்டு, அதில் நாட்டையே ஆட்டி வைக்கும் அதிகாரத்தைக் காட்டுகிறார் என்றால் அந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது?

நாடகத்திலிருந்துதான். சின்ன வயசில் அப்பாவை இழந்து, ஊட்டிக்கு வந்து, 13 வயசுவாக்கில் நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் மதுரை தேவி பால விநோத சங்கீத சபாவில் சேர்ந்தவர் அவர். பாய்ஸ் கம்பெனி. பாட்டு, வசனம், உடற்பயிற்சி, எந்த வேஷம் கொடுத்தாலும் போடத் தயாராக இருக்க வேண்டும், பெண் வேஷமும் பையன்களுக்குத்தான். 1935-இல் பக்த ராமதாஸ் படத்தில் முதன்முதலாகத் திரையில் தலை காட்டியபோது 16 வயது, அதில் அவருக்குக் காமெடி வேஷம். பிறகு சக்தி நாடக சபாவில் கவியின் கனவு நாடகத்தில் ராஜகுரு. மேடையில் பலமுறை போட்டுப் பழகிய ராஜகுருதான் சேலம் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தது. இதையெல்லாம் நான் மகளுக்காக வீட்டில் படித்து வைத்திருந்தேன். ஆனால் ராஜகுரு முதுகு கூனக்கூடாது என்று எனக்குத் தோன்றவில்லையே.

பெரியவர் எடுத்துக் கொடுத்தது ஜிகினா இல்லாத, அரக்கு நிறத்தில் கனமான பருத்தி அங்கி ஒன்று. கொஞ்சம் பளபளப்பாக வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "பளபளப்பு ராஜாவுக்கு. இவருக்கு எதுக்கு? பளபளன்னு இருக்கறவங்களைக் கைக்குள்ள வெச்சிருக்கற ஆளு இவரு." ஆம்பளை அளவு அங்கி என்பதால் தோளில் தொங்கியது. வெட்டாமல், உள்பக்கம் மடித்து, தோளுக்கு இரண்டு பஞ்சுப் பட்டை வைத்து, அங்கேயே உட்கார்ந்து கையால் தைத்தார். பத்து நிமிஷம்தான். வயசு காட்ட முடி முழுக்க வெள்ளை அடிக்க வேண்டாம், காதோரம் மட்டும் லேசாகப் போதும் என்றார். அந்தக் காலத்தில் பையன்கள் ஸ்திரீபார்ட் போட்டாங்க, இன்னைக்கு பாப்பா ராஜகுரு போடறா, ரெண்டுக்கும் தோள்தான் கணக்கு என்றபோது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது மாறுவேஷ வேலைக்குத்தான். திகம்பர சாமியார் பார்க்காதவர்களுக்கு: வடுவூர் துரைசாமி அய்யங்காரின் நாவல், அதில் துப்பறியும் சாமியாராக நம்பியார் பத்துக்கும் மேற்பட்ட உருவங்களில் வருவார். கிராஃபிக்ஸ் எதுவும் இல்லாத காலம். முடி, துணி, குரல், நடை, அவ்வளவுதான் கையில் இருந்த சாமான். அதிலும் அவர்தான் படத்தின் நாயகன், இது பலருக்குத் தெரிவதில்லை. 1952-இல் அதே மாடர்ன் தியேட்டர்ஸின் கல்யாணியிலும் அவர்தான் ஹீரோ. மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்காக்காரர்களோடு சேர்ந்து எடுத்த தி ஜங்கிள் என்ற ஆங்கிலப் படத்திலும் இருக்கிறார்.

எங்களுக்குத் தேவை நாதஸ்வர வித்வான், தபால்காரர், நடுவில் ஒன்றரை நிமிஷம். ஸ்பிரிட் கம் என்ற மேக்கப் பசை போட்டு மீசை ஒட்டினால் எப்படி இருக்கும் என்று முதலில் காட்டினார். மேலுதட்டில் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசினார், உடனே ஒட்டவில்லை, விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிசுபிசு என்று நூல் இழுக்கிற பதம் வந்ததும்தான் மீசையை வைத்தார், வைத்துவிட்டு ஈரத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒத்தி எடுத்தார். அசையவே இல்லை. பேசச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், உதட்டைச் சுழிக்கச் சொன்னார். "இது ராத்திரி பூரா நிக்கும். ஆனா உங்களுக்கு இது ஆகாது, பிச்சா தோலு செவந்துடும், அடுத்தது ஒட்டாது." அதனால் ராஜகுருவுக்கு மீசையே வேண்டாம் என்றார். வித்வான் மீசைக்கும் தபால்காரர் மீசைக்கும் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். வித்வானுக்குப் பட்டுக்கரை வேட்டி, ஜிப்பா, விபூதி. அந்த ஜிப்பாவுக்கு அடியிலேயே தபால்காரரின் காக்கிச் சட்டை. ஜிப்பாவின் முதுகைக் கிழித்து வெல்க்ரோ தைத்திருந்தார், பின்னால் நின்று ஒருவர் இழுத்தால் முன்பக்கமாகக் கழன்று வந்துவிடும். வேட்டியும் அதே வெல்க்ரோ. விபூதியை ஒரே துடைப்பில் எடுக்க ஈரத்துணி, தலையில் தொப்பி, தோளில் பை.

கடையிலேயே ஏழு தடவை பயிற்சி கொடுத்தார். முதல் தடவை மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆனது. ஏழாவது தடவை ஒரு நிமிஷம் பத்து விநாடி. அப்போதும் அவர் விடவில்லை, "டிரஸ் மாறிடுச்சு, நீ மாறலையே பாப்பா. வித்வான் வயித்துல இருந்து நடப்பாரு, தபால்காரர் முட்டியில இருந்து நடப்பாரு" என்றார். டிரஸ் வாடகைக்குக் கொடுக்கிறவர் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, இதற்கு ஒரு பைசாவும் வாங்கவில்லை.

கம்பெனிப் பையன் வேஷத்துக்கு எங்கள் வீட்டு நாலுமுழ வேட்டியே போதும் என்று சொல்லிவிட்டார்.

குருசாமி வேஷம்தான் நான் எதிர்பார்க்காதது. நவாப் ராஜமாணிக்கமே ஐயப்ப பக்தர், ஐயப்பன் கதையை நாடகமாகவும் போட்டவர். அவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பக்தி நம்பியாரைக் கடைசிவரை விடவில்லை, அறுபது தடவைக்கு மேல் சபரிமலை போனவர், எத்தனையோ நடிகர்களுக்குக் குருசாமி. புகை கிடையாது, குடி கிடையாது, சைவச் சாப்பாடு. திரையில் சாட்டையைச் சுழற்றியவர் வீட்டில் இப்படி இருந்தார் என்பதைக் காட்டத்தான் கடைசிக் கட்டம். கறுப்பு வேட்டி, துண்டு, இருமுடிப் பை, துளசி மணி மாலை என்று பட்டியல் கொடுத்தேன். வேட்டியையும் துண்டையும் எடுத்து வைத்தார். மாலை எங்கே என்றேன்.

"மாலை வாடகைக்குக் கொடுக்கறதில்லைம்மா. இருமுடியும்தான். கிரீடம் கேளுங்க, சூலம் கேளுங்க, அம்மன் முகமே கேளுங்க, தர்றேன். அதெல்லாம் நாங்க கட்டி ஆடறது. இது அந்த மனுசன் வேஷத்தைக் கழட்டி வெச்சிட்டுப் போட்டுக்கிட்டது."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. விழாவுக்கு ஆறு நாள்தான் இருந்தது, கடைசிக் கட்டம் இல்லாமல் நாடகம் எப்படி முடியும்? அவரே வழியும் சொன்னார். குருசாமியாகக் காட்டவே வேண்டாம், தபால்காரர் வேஷம் முடிந்ததும் மேடையிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரட்டும், ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய், ஒரு வெள்ளைத் துணி. மீசையை எடுக்கட்டும், முகத்தைத் துடைக்கட்டும், தொப்பியைக் கழற்றட்டும், கடைசியில் கறுப்புத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகட்டும். வசனமே வேண்டாம். பள்ளியில் ஆசிரியை முதலில் தயங்கினார், ஒத்திகை பார்த்ததும் சரி என்றார்.

இனி குறைகள். இதையும் எழுதாவிட்டால் நம்பிப் போகிறவர்களுக்கு நியாயம் இல்லை. விழா அன்று மேக்கப் போட ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள், மதியம் இரண்டு மணி என்று பேச்சு, வந்து சேர்ந்தது நாலரை. பெரியவர் வரவில்லை, அவருடைய மகன் வந்தார், முந்தைய இடத்தில் தாமதமாகிவிட்டது என்றார். அந்த இரண்டரை மணி நேரம் என் மகள் சாப்பிடாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் செய்தால் எடுக்கவும் இல்லை. ராஜகுருவுக்குக் கொடுத்த டோப்பா சரியாக வெயிலில் காயாதது, பழைய வேர்வை நாற்றம் ரசகற்பூரத்தையும் மீறி அடித்தது. திருப்பிக் கொடுக்கும்போது அங்கியின் கைமடிப்பில் தையல் விட்டிருக்கிறது என்று அட்வான்ஸில் 150 ரூபாய் பிடித்தார்கள். அது வாங்கும்போதே விட்டிருந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஆனால் காட்ட என்னிடம் போட்டோ இல்லை. பெரியவர் அப்போது கடையில் இல்லை. நீங்கள் போனால் எடுத்துக்கொள்ளும்போதே ஒவ்வொரு துணியையும் விரித்து போனில் படம் எடுத்துவிடுங்கள், மேக்கப் ஆளுக்குச் சொல்லும் நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னாலேயே சொல்லுங்கள்.

செலவு: ராஜகுரு செட் 600, வித்வான், தபால்காரர் தலா 300, மேக்கப் ஆள் வந்து போக 1,500, அட்வான்ஸ் 3,000 தனி. ஃபேன்சி டிரஸ் கடையோடு ஒப்பிட்டால் அதிகம்தான். கற்றுக்கொடுத்ததைச் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இது குறைவு. ஆனி முடிவிலிருந்து ஆடித் திருவிழா முடியும் வரை போகாதீர்கள், உங்களுக்கு நின்று பேச அவருக்கு நேரம் இருக்காது.

விழாவுக்கு எங்கள் ஆயாவையும் கூட்டிப் போயிருந்தேன். எண்பத்தி ரெண்டு வயசு. எங்க வீட்டுப் பிள்ளை 1965-இல் வந்தபோது நம்பியார் சாட்டையை எடுத்ததும், கட்டையில போறவனே என்று கொட்டகையில் எழுந்து நின்று கத்தினவர், இதை எங்கள் வீட்டில் எல்லாரும் சொல்வோம். அதற்கப்புறம் 1982-இல் தூறல் நின்னு போச்சு வந்தபோது குஸ்தி வாத்தியாராக அந்த மனுஷனைப் பார்த்து, இவரு நல்லவருங்கூடவா என்று ஆச்சரியப்பட்டவரும் ஆயாதான். அந்தக் கோபத்தையும் இந்த ஆச்சரியத்தையும் ஒரே முகத்தால் கிளப்பியவர், 89 வயசில், 2008 நவம்பரில் காலமானார்.

ராஜகுருவாக மகள் வந்து நின்றதும் அரங்கம் அமைதியாகிவிட்டது. முதுகு நேராக, கண் மட்டும் இடமிருந்து வலமாகப் போனது. வித்வானிலிருந்து தபால்காரர் ஒரு நிமிஷம் ஐந்து விநாடியில் வந்துவிட்டார், பின்னால் ஜிப்பாவை இழுத்தது நான்தான். பிறகு ஸ்டூல், எண்ணெய்க் கிண்ணம். மீசையின் ஒரு ஓரம் முதலில் பிரியவில்லை. அவள் அவசரப்படவில்லை, எண்ணெயை விரலால் தொட்டு வைத்து, காத்திருந்து, எடுத்தாள். அதைக் கடையில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தபோது ஆயா உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் கூப்பினார். என் மகளைப் பார்த்துக் கும்பிட்டாரா, நம்பியாரைப் பார்த்தா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷமும் இதே கடைக்குத்தான் போவேன். ஐந்துக்கு நாலு. தேங்காய் எண்ணெய் மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போங்கள், கடையில் கொடுப்பது சிக்கு வாடை அடிக்கிறது.